பழைய சின்ன மிருகக்காட்சி சாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

மழைக்குருவி:
ஒரு குடும்பம் ரொம்ப வருஷமாக நடத்திவரும் சின்ன மிருகக்காட்சி சாலைக்குப் போகலாம் என்று இருக்கிறோம். ஆடு, கிளி, குரங்கு, இரண்டு சிங்கம், அவ்வளவுதான். எல்லாம் பழைய கம்பிக் கூண்டு. சின்னவன் ஆட்டுக்குத் தீனி போட இப்போதே குதிக்கிறான், பெரியவளோ "அதுங்க பாவம்மா" என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். நல்ல இடமா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?

கொட்டில்காரன்:
நான் விலங்குகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவன். சிங்கத்தை விடுங்கள், முதலில் ஆட்டின் குளம்பைப் பாருங்கள். பாறையில் ஏறித் திரிந்தால் குளம்பு தானாகத் தேயும், அடைத்து வைத்த ஆட்டுக்கு யாராவது வெட்டிவிட வேண்டும். முன்பக்கம் நீண்டு வளைந்திருந்தால் பல மாதமாக யாரும் கை வைக்கவில்லை என்று அர்த்தம். ஆட்டையே கவனிக்காதவர்கள் சிங்கத்தை எப்படிக் கவனிப்பார்கள்?

அப்புறம் கிளி. தலையில் இறகு அடர்த்தியாக இருந்து நெஞ்சு மட்டும் மொட்டையாக இருந்தால் பெரும்பாலும் தானே பிடுங்கிக்கொள்கிறது (அலகு எட்டாத ஒரே இடம் தலைதான்). தனிமை, சலிப்பு, சில சமயம் நோய். சிங்கம் தூங்கினால் பயப்படாதீர்கள், ஒரு நாளில் 20 மணி நேரம்கூடப் படுத்தே கிடக்கும். ஒரே தடத்தில் நடந்து, ஒரே இடத்தில் திரும்பி, மறுபடி அதே தடம் என்று போனால்தான் சிக்கல். அதையும் தீனி நேரத்துக்கு முன்னால் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி வந்து பாருங்கள்.

அகழி:
என்னைக் கேட்டால் போகவே வேண்டாம். ஜெர்மனியில் விலங்கு வியாபாரம் செய்த கார்ல் ஹாகன்பெக் 1907-லேயே ஹாம்பர்க் பக்கத்தில் திறந்த மிருகக்காட்சி சாலையில் கம்பியை எடுத்துவிட்டு அகழி வெட்டி சிங்கத்தை விட்டார். இன்னும் கம்பிக்குப் பின்னால் வைத்திருப்பவர்களுக்கு நாம் ஏன் டிக்கெட் வாங்க வேண்டும்?

ஆமைநடை:
அகழி, அந்தப் பள்ளம் பார்க்கிறவர் கண்ணுக்குத்தான் முதலில் வசதி. சுவிட்சர்லாந்தின் விலங்கியலாளர் ஹைனி ஹெடிகர் 1940-களிலேயே எழுதிவிட்டார், கூண்டு எவ்வளவு பெரிது என்பதைவிட உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம் என்று. ஒளிந்துகொள்ள மறைவு இருக்கிறதா, ஏறிப் படுக்க மேடை இருக்கிறதா, நம் பார்வையிலிருந்து விலகிப் போக முடிகிறதா, அதைப் பாருங்கள். சின்ன இடம் என்பதாலேயே மட்டம் என்றும் சொல்ல முடியாது. எழுத்தாளர் ஜெரால்ட் டரல் 1959-ல் ஜெர்சி தீவில் தன் சொந்த விலங்குகளை வைத்துத்தான் மிருகக்காட்சி சாலையைத் தொடங்கினார், அழியும் நிலையிலிருந்த மொரீஷியஸ் இளஞ்சிவப்புப் புறாவைக் காப்பாற்றியதில் அந்த இடத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

குரங்கு பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்று பிள்ளைகள் திருப்பி இளிக்கப் போகிறார்கள், அது பெரும்பாலும் பயம் அல்லது மிரட்டல். உதட்டில் அக்கி வந்தவர்கள் மார்மோசெட் மாதிரி சின்னக் குரங்குகள் பக்கமே போகக்கூடாது, நமக்கு ஒரு வாரத்தில் ஆறுகிற கிருமி அவற்றைக் கொன்றுவிடும்.

மழைக்குருவி:
குளம்பு பார்க்கும் பொறுப்பைப் பெரியவளிடம் கொடுத்தாயிற்று, இப்போது அவள்தான் எப்போது கிளம்பலாம் என்று கேட்கிறாள். ஆட்டைத் தொட்ட கைக்கு சானிடைசர் போதுமா?

கொட்டில்காரன்:
போதாது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான். சின்னவன் விரல் சூப்புகிற வயது என்றால் கொட்டிலை விட்டு வந்ததும் முதல் வேலை அது. அங்கே கை கழுவக் குழாய் இல்லை என்றால், குளம்பு எப்படி இருந்தாலும் சரி, ஆட்டை வெளியே நின்றே பார்க்கச் சொல்லுங்கள்.