கத்திரி வெயில், ஒரு டம்ளர் தண்ணி, ஒரு கை உப்பு: ஆளுக்கொரு அனுபவம்

புதூர்க்காரன், மதுரை

சித்திரை மாசம் மதுரையில இருக்கிறவனுக்கு வெயிலைப் பத்திப் புலம்ப நேரமே இருக்காது. மீனாட்சி கல்யாணம், தேர், எதிர்சேவைன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு. சித்ரா பௌர்ணமி விடிஞ்சா அழகர் ஆத்துல இறங்குவாரு. அழகர்கோயில்ல இருந்து கிட்டத்தட்ட 21 கிலோமீட்டர். வர்ற வழியெல்லாம் மண்டகப்படி, சாமி நின்னு பூசை வாங்கிட்டுப் போற இடம். மண்டகப்படிக்கும் மண்டகப்படிக்கும் நடுவுல எங்கள மாதிரி தெருக்காரங்க போடுற நீர்மோர்ப் பந்தல்.

பந்தல்னா பெருசா ஒண்ணுமில்ல. நாலு மூங்கில், மேல தென்னங்கீத்து, கீழ ரெண்டு அண்டா. ஒண்ணுல பானகம், ஒண்ணுல மோர். பானகத்துக்கு வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய். மோருக்கு இஞ்சி, பச்சமிளகா, கறிவேப்பிலைய அம்மில நச்சுப் போட்டு, பெருங்காயமும் கல்லுப்பும் கரைச்சு ஊத்தணும். மிக்ஸியில அடிச்சா மோர் கசந்து போகும்னு எங்க அத்தை சத்தியம் பண்ணும். இன்னொண்ணு, தயவுசெஞ்சு மீனுக்குப் போடுற ஐஸ் பாரை வாங்கி மோர்ல போடாதீங்க. ராத்திரியே மண்பானையில ஊத்தி வச்ச தண்ணி போதும்.

நான் சொல்ல வந்தது ஒரு பாட்டியைப் பத்தி. பேரு தெரியாது. பேச்சை வச்சு மேலூர்ப் பக்கம்னு கண்டுபிடிச்சோம். கையில பூச்சுத்துன சர்க்கரைக் கிண்ணம், இடுப்புல ஒரு மஞ்சப்பை. வருஷா வருஷம் வரும். மோரை வாங்கி ஒரு வாய் குடிக்கும். முகத்தைச் சுளிக்கும். "என்னடா மோரு காச்சியிருக்கீங்க, உப்பே இல்ல"ங்கும். மோரை யாரும் காச்ச மாட்டாய்ங்கன்னு சொன்னா, "வாய் மட்டும் காதுவரைக்கும் இருக்கு"ன்னு திட்டு விழும். பெறகு நாங்க மறைச்சு வச்சிருக்கிற உப்பு டப்பாவை எடுத்து, அதுவே ஒரு கை அள்ளி அண்டாவுல போட்டுக் கலக்கும். இதுல கொடுமை என்னன்னா, அதுக்கப்புறம் மோர் உண்மையிலேயே நல்லா இருக்கும்.

2020லயும் 2021லயும் கொரோனாவால ஜனங்க இல்லாமத்தான் விழா நடந்துச்சு. பந்தலும் கிடையாது. 2022ல மறுபடி மூங்கில் நட்டப்ப அந்தப் பாட்டி இருக்குமோ இருக்காதோன்னு ஆளாளுக்கு மனசுல ஒரு இது. யாரும் வாயத் தொறந்து சொல்லல. மத்தியானம் போல வந்து நின்னுச்சு. "எங்கடா போனீங்க ரெண்டு வருஷமா?" என்னமோ நாங்க ஊரை விட்டு ஓடிப்போன மாதிரி! எங்க அத்தை ஒண்ணும் பேசாம உப்பு டப்பாவை எடுத்துக் கையில குடுத்துருச்சு.

அதே பந்தல்ல இன்னொரு ஆளு. அழகர் வேசம் கட்டி, தோள்ல தோப்பறை போட்டுக்கிட்டு வந்தாரு. ஆட்டுத்தோல் பை, சாமி மேல தண்ணி பீச்சுறது. மோரை நீட்டினா வேணாம்னாரு. "பச்சத்தண்ணி ஊத்துப்பா, சாமிக்கு." பை நெறைய ஊத்தினோம். உதடெல்லாம் காஞ்சு வெடிச்சுக் கெடக்கு. "நீங்க ஒரு வாய் குடிங்கண்ணே"ன்னா, "அவரு எறங்கட்டும், பெறகு பாத்துக்குவோம்"னு போயிட்டாரு. இப்ப சில பேரு பிரஷர் பம்ப்பத் தூக்கிட்டு வர்றாய்ங்க. அது தண்ணி பீச்சுறது இல்ல, வண்டி கழுவுறது.

உங்க ஊர்லயும் இந்த மாதிரி யாராவது வந்து நின்னுருப்பாங்கள்ல, எழுதுங்க.

உப்பாத்து வீட்டுப் பொண்ணு, தூத்துக்குடி

உப்பு பத்தலன்னு சொன்ன அந்தப் பாட்டிக்கு எங்க ஊரு சார்பா ஒரு கும்பிடு. அந்த உப்பு எங்க அம்மா வாரினதாக்கூட இருக்கலாம்.

எல்லாரும் வெயிலைத் திட்டுதீங்க. எங்க வீட்டுல வெயிலைத் திட்டுனா அம்மைக்குக் கோவம் வரும். உப்பளத்துல வேலையே வெயிலை நம்பித்தான். தண்ணி பாத்தியில நின்னு வத்தி உப்பு பூக்கணும். மாசியில பிடிச்சா புரட்டாசி வரைக்கும்தான் சீசன். பெறகு மழை, பெறகு வீட்டுல இருப்பு. அந்த மழை மாசத்துக்குன்னு அரசாங்கம் 5000 ரூவா குடுக்கு, இல்லங்கல. அஞ்சாயிரத்துல மூணு மாசம் ஒரு குடும்பம் எப்பிடி ஓடும்னு கணக்குப் போட்டுப் பாத்துக்கிடுங்க.

ராத்திரி ரெண்டு மணி, மூணு மணிக்கெல்லாம் அம்மா கிளம்பிருவா. தலையில டார்ச் லைட்டு, கையில சோத்து வாளி, ரெண்டு கேன் தண்ணி. சுத்தி அம்புட்டுத் தண்ணி நிக்கும், ஒரு வாய் குடிக்க முடியாது. பள்ளிக்கூட லீவுல நான் காலையில தண்ணி கொண்டு போவேன். விடியறப்ப பாத்தி பூரா ரோஸ் கலர்ல மின்னும். போட்டோ எடுக்க வாரவங்க அதைத்தான் எடுப்பாங்க. அம்மாவோட காலை யாரும் எடுக்க மாட்டாங்க. குதிங்காலு வெடிப்புல உப்பு ஏறி, ராத்திரி தேங்கெண்ணெய் தடவையில பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்பா.

ஒரு வருசம் நல்ல வறட்சி. ஞாயித்துக்கிழமை பூசையில மழைக்காக மன்றாட்டு வாசிச்சாங்க. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்"னு கோயிலே சொல்லுது. எங்க வரிசையில அளத்துக்குப் போற பொம்பளைய ஏழெட்டுப் பேரு. ஒருத்தி வாயும் அசையல. நான் அம்மாவை இடிச்சேன், "சொல்லும்மா." அவ மாதா சுரூபத்தைப் பாத்துக்கிட்டே மெல்லமா, "இப்பம் வேண்டாம் தாயே, ஐப்பசியில குடு"ன்னா. முன் வரிசையில இருந்த கோவில்பட்டிப் பக்கத்து மாமா, நெலம் வச்சிருக்கவரு, திரும்பி ஒரு பார்வை பாத்தாரு. ரெண்டு பேரு மேலயும் தப்பில்ல. மாதாதான் பாவம்.

அந்த வாரமே கோடை மழை கொட்டுச்சு. தெருப்பிள்ளைய பூரா நனைஞ்சு ஆட்டம். வாருறதுக்கு ரெடியா இருந்த பாத்தி எல்லாம் கரைஞ்சு போச்சு. வாரின உப்பைக் குவிச்சு வைக்கிற தட்டுமேட்டுல ஓலை போட்டு மூடுன அம்பாரம் மட்டும் தப்பிச்சு. அம்மா வாசப்படியில உக்காந்து, ஆடுற பிள்ளையளைப் பாத்துக்கிட்டே எனக்குப் பேன் பாத்தா. கொஞ்சம் பலமா இழுத்தா, அவ்வளவுதான்.

டீக்கடை பெஞ்சு, திருச்சி

நல்ல மனுசங்களைப் பத்தியே எழுதுறீங்க. நான் ஒரு பானையைப் பத்தி எழுதுறேன். எங்க பஸ் ஸ்டாப்புல ஏப்ரல் ஆச்சுன்னா ஒரு கட்சி தண்ணீர்ப் பந்தல் திறக்கும். அன்னைக்கு தர்பூசணி, இளநீர், வெள்ளரிக்காய், மைக் செட்டு எல்லாம் இருக்கும். எதிர்த்தாப்புல இன்னொரு கட்சி அதைவிடப் பெரிய பந்தல். ஒரு வாரம் போனா ரெண்டு பானையும் காலி, டம்ளரைச் சங்கிலியோட யாரோ கொண்டு போயிருப்பான். பேனர்ல இருக்கிற தலைவர் மட்டும் சிரிச்சுக்கிட்டே நிப்பாரு. பக்கத்துல பூ விக்கிற அம்மாதான் ரெண்டு பானையிலயும் குழாய்த்தண்ணி ஊத்தி வைக்குது. எந்தக் கட்சின்னு கேட்டா, "தாகத்துக்கு வர்றவன்கிட்ட அதக் கேட்டா ஊத்துறேன்?"ங்குது.

பைக் பையன், சென்னை

நான் சாப்பாடு டெலிவரி பண்றேன். மே மாசம் மத்தியானம் பன்னெண்டுல இருந்து மூணு மணிதான் எங்களுக்குப் பீக் ஹவர். ஏன்னா வெயில்ல வெளிய போக யாருக்கும் இஷ்டம் இல்ல. அதனால நாங்க போறோம்.

ஒரு அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணா இருக்காரு. ஊரு செய்யாறு பக்கம், வீட்டுல நெசவு நின்னு போய் இங்க வந்தவரு. கேட்டுக்குப் பக்கத்துல ஈரச்சாக்கு சுத்தின ஒரு மண்பானை வெச்சிருந்தாரு. வண்டிய நிறுத்தினதும் டம்ளரை நீட்ட மாட்டாரு. "மொதல்ல ஹெல்மெட்டக் கழட்டு. உக்காரு. மூச்சு வாங்குறது நிக்கட்டும்." ஆப்புல டைம் ஓடுதுண்ணான்னு சொன்னா, "நீ மயங்கி வுழுந்தா அதும் ஓடும்"னுவாரு. வெயில்ல வந்ததும் மடக்கு மடக்குன்னு குடிச்சா மாரு அடைக்கும்ங்கிறது அவரு கட்சி. டாக்டர் என்ன சொல்வாரோ, அந்த ரெண்டு நிமிஷம் உக்காந்ததுதான் எனக்கு மருந்து.

அப்புறம் அசோசியேஷன்ல யாரோ, பானையால தரை ஈரமாகுது, கொசு வருது, பாக்க நல்லா இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. ஒரு நாள் போனா பானை இல்ல. அண்ணா ஒண்ணும் சொல்லல, கண்ணால ஜெனரேட்டர் ரூம் பின்னாடி காட்டினாரு. வேப்பமரத்தடியில செங்கல் மேல உக்காந்திருக்கு பானை. மேல ஒரு தட்டு, தட்டு மேல எவர்சில்வர் டம்ளர். எங்காளுங்க குரூப்புல அந்த இடத்துக்கு 'ஹெட் ஆபீஸ்'னு பேரு. கூரியர், கேஸ் சிலிண்டர் போடுற அண்ணா, கார் துடைக்கிற அக்கா எல்லாரும் அங்க மெம்பர். செகண்ட் ஃப்ளோர் மாமி ஒருத்தங்க அசோசியேஷனுக்குத் தெரியாம வெட்டிவேர் கொண்டாந்து போட்டுட்டுப் போவாங்க.

2025ல அண்ணா நகர்ல மாநகராட்சி எங்களுக்குன்னு ஏசி ஓய்வறை திறந்தாங்க. போய்ப் பார்த்தேன். போன் சார்ஜ் போடலாம், பாத்ரூம் இருக்கு. பாத்ரூம் எவ்வளவு பெரிய விஷயம்னு ரோட்டுல வேலை செய்றவங்களுக்குத் தெரியும், அதுலயும் பொண்ணுங்களுக்கு. ஆனா எனக்கு ஆர்டர் விழுறது வேளச்சேரி, மேடவாக்கம். அங்க எனக்கு ஜெனரேட்டர் ரூம்தான்.

கூறைநாட்டு அக்கா, மயிலாடுதுறை

தூத்துக்குடித் தங்கச்சி எழுதினதைப் படிச்சதும் எங்க மொட்டை மாடி நினைப்பு வந்துடுச்சு. எங்க வீட்டுக்கும் பக்கத்து வீட்டு லாத்தா வீட்டுக்கும் நடுவுல ஒரே கைப்பிடிச் சுவர். வத்தல் ரெண்டு வீட்டுக்கும் சேர்த்தே போடுவோம்.

2019ல நோன்பு சரியா கத்திரியில வந்தது. பொழுது வேற நீளம். லாத்தா ராத்திரி சஹருக்கு, அதான் விடியறதுக்கு முன்னாடி சாப்பிடுற நோன்புச் சாப்பாட்டுக்கு, எழுந்து அந்தக் கையோட மாடிக்கு வந்துடும். இந்தப் பக்கம் எங்கம்மா அரிசிக் கூழ் கிண்டிக்கிட்டு நிப்பாங்க. கூழ்ல உப்புதான் சூட்சுமம். கூழா இருக்கும்போது வாயில வச்சா உப்பு ஒரு பிடி குறைச்சலா இருக்கணும். காய்ஞ்சா ஏறிக்கும். பொரிச்சா இன்னும் தூக்கலாத் தெரியும். எங்க வீட்டுல உப்பு பார்க்கிற நாக்கு லாத்தாவோடதுதான். விடியறதுக்கு முன்னாடி பார்த்துச் சொல்லிட்டா அன்னைய வேலை தப்பிச்சது.

ஒரு நாள் கூழ் பதத்துக்கு வரவே தாமதம், பாங்கு சொல்லிட்டாங்க. இனி லாத்தா வாயில எதையும் வைக்காது. அம்மா கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு முழிக்கிறாங்க. "நீயே பாரு சரோ"ன்னுது லாத்தா. அம்மா ருசி பார்த்துட்டு சரியா இருக்குன்னாங்க. லாத்தா மூஞ்சியில நம்பிக்கையே இல்ல. குனிஞ்சு கூழை மோந்து பார்த்துச்சு! "கூட இருக்குடி, ரெண்டு கரண்டி கூழ் விடு." உப்பை மோந்து எப்படிக் கண்டுபிடிக்கிறது, நீங்களே சொல்லுங்க. ஆனா அம்மா மறுபேச்சு பேசாம உப்பு போடாத கூழை ரெண்டு கரண்டி சேர்த்தாங்க. அந்த வருஷ வத்தல் எப்படின்னா, பொரிச்ச தட்டு மேசைக்கு வர்றதுக்குள்ள பாதி காலியாயிடும்.

பகல்ல காக்காய்க்குக் காவலும் லாத்தாதான். குடை பிடிச்சுக்கிட்டு, தஸ்பீஹ் மணி உருட்டிக்கிட்டு மாடிப்படியில உக்காந்திருக்கும். "நோன்பு வச்சுக்கிட்டு வெயில்ல உக்காராத லாத்தா"ன்னு சொன்னா, "உள்ளே உக்காந்தா பசி ஞாபகம் வரும், இங்க காக்கா ஞாபகம்தான்"னு பதில். சாயந்திரம் பள்ளிவாசல்லேருந்து நோன்புக் கஞ்சி தூக்குவாளியில வரும். எங்க தெருவுல நோன்பு பிடிக்காத பிள்ளைங்கதான் கஞ்சிக்கு முதல் வரிசை. என் பையன் ஆறு மணிக்கே டம்ளரோட நிப்பான். அவனைக் கூப்பிட்டு, "மாப்ள, பாங்கு சொல்றவரைக்கும் நீயும் பொறுக்கணும், அதுதான் டிக்கெட்"னு பக்கத்துல உக்கார வச்சுக்கும். உக்காருவான். எங்க பேச்சுக்கு ஒரு நாளும் உக்காந்ததில்ல.

டீக்கடை பெஞ்சு, திருச்சி

மோந்து பார்த்து உப்பு சொல்ற லாத்தாவையும் மேலூர்ப் பாட்டியையும் ஒரே அண்டாகிட்ட நிறுத்தணும். டிக்கெட் போட்டு விக்கலாம்.

சிஸ்டர், புதுக்கோட்டைப் பக்கம்

ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை. கோடையில நூறு நாள் வேலைக்குப் போறவங்க தலைசுத்திக்கிட்டு வருவாங்க. கேட்டா, "தண்ணி குடிச்சேனே சிஸ்டர்"ம்பாங்க. குடிச்சிருப்பாங்க, பொய் இல்ல. வேர்வையில உப்பும் சேர்ந்து போயிடுதே, வெறும் தண்ணிய மட்டும் ஊத்தினா எப்படி? அதுக்குத்தான் ஓஆர்எஸ். ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணியில மொத்தமாக் கரைக்கணும், பாதிப் பாக்கெட், கால் பாக்கெட் கதை ஆகாது. பாக்கெட் இல்லன்னா, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணிக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி அளக்கணும். மேலூர்ப் பாட்டி மாதிரி கையால அள்ளாதீங்க.

ஆனா ஒருத்தர் மயங்கி, உளறி, உடம்பு நெருப்பாச் சுட்டா மோரும் வேணாம், ஓஆர்எஸ்ஸும் வேணாம். வாயில எதையும் ஊத்தாதீங்க. நிழல்ல போட்டு, உடம்பெல்லாம் தண்ணி ஊத்தி, விசிறிக்கிட்டே 108ஐக் கூப்பிடுங்க. 2024ல தமிழ்நாட்டுல வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னே அறிவிச்சாங்க. அவ்வளவு தூரம் போயிருக்கு விஷயம்.

போன கோடையில ஒரு அக்கா வந்தாங்க. கண்மாய்க் கரையில மண்ணு வெட்டும்போது கண்ணைக் கட்டிருச்சு. படுக்க வச்சு ஓஆர்எஸ் குடுத்தேன். ஒரு வாய் குடிச்சுட்டு, "இது என்ன சிஸ்டர், அழுத தண்ணி மாதிரி இருக்கு"ன்னாங்க. சிரிச்சுட்டேன். தெளிஞ்சப்புறம் வீட்டுக்கு அஞ்சு பாக்கெட் குடுத்து, தினம் வேலைக்குப் போறப்ப ஒண்ணு கரைச்சுக் கொண்டு போங்கன்னு சொல்லி அனுப்பினேன். மூணாம் நாளே மறுபடி வாசல்ல நிக்கிறாங்க. திரும்பவும் மயக்கமான்னு பதறிட்டேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர். கன்னுக்குட்டி கழிச்சல்ல படுத்துருச்சு. நீங்க குடுத்ததைக் கரைச்சு ஊத்தினேன், எந்திரிச்சுருச்சு. அதான் இன்னும் நாலு வாங்கிட்டுப் போலாம்னு."

"உங்களுக்குன்னு குடுத்தேனேக்கா, நீங்க குடிச்சீங்களா இல்லையா?"

"எனக்கு அந்த ருசி புடிக்கல."

மாட்டுக்கு மாட்டாஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லி, என் முன்னாடியே ஒரு லிட்டர் கரைச்சு, ஒரு எலுமிச்சம்பழத்தையும் பிழிஞ்சு கையில குடுத்தேன். குடிச்சு முடிக்கிறவரைக்கும் அந்த அக்காவை நாற்காலிய விட்டு எந்திரிக்க விடல.