மறு: கட்டாமல் அணியும் டைக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த மடல் இழை நீண்டுவிட்டது. கேள்வி எங்கே தொடங்கியது என்பதை முதலில் எடுத்து வைக்கிறேன்.

> முடிச்சை ஆயத்தமாகப் போட்டுவைத்து, கழுத்தளவை மட்டும் கூட்டிக் குறைக்கும்படி ஒரு டை வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். செய்முறைக் குறிப்பு தமிழிலும் வர வேண்டும். பொருளுக்கும் அதன் உறுப்புகளுக்கும் சொல் வேண்டும்.

எளிடை, ஆயத்தக் கழுத்துப்பட்டை, நழுவுபட்டை, கழுத்துச்சுருக்கு, கொளுவுபட்டி என்று ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. ஆறாவதாக நான் உருவுபட்டை என்பதை வைக்கிறேன். காரணம் சொல்ல, சாதாரண டையிலிருந்தே தொடங்க வேண்டும்.

பலரும் போடும் எளிய முடிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஃபோர்-இன்-ஹேண்ட் என்பார்கள். அகலமான முனையைக் குறுகிய முனைக்கு மேலாகக் குறுக்கே போட்டு, அடிவழியாகக் கொண்டுபோய், மறுபடி முன்புறம் ஒரு சுற்று சுற்றி, கழுத்துப் பக்கம் அடியிலிருந்து மேலே எடுத்து, முன்சுற்றுக்குள் நுழைத்துக் கீழே இழுக்கிறோம். முடிச்சு விழுந்தபின் குறுகிய முனையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முடிச்சை மேலே தள்ளினால் கழுத்தோடு சேர்கிறது. கீழே இறக்கினால் தளர்கிறது. அதாவது, முடிச்சு அந்தக் குறுகிய முனையின்மேல் ஓடுகிறது. கயிற்றில் இப்படிப் போட்டால் அதற்கு நம் ஊரில் பெயர் உண்டு: உருவாஞ்சுருக்கு.

ஆகவே கழுத்தளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி சாதாரண டையிலேயே இருக்கிறது. சிரமம் வேறு இடத்தில். முடிச்சைத் தினமும் புதிதாகப் போட வேண்டும், அத்துடன் நீளமும் சரியாக வர வேண்டும். நுனி இடுப்பு பெல்ட்டின் பக்கிளைத் தொட்டு நிற்க வேண்டும் என்பது வழக்கம். தொடங்கும்போது அகல முனையை எவ்வளவு இறக்கிவிட்டோம் என்பதில் இரண்டு விரற்கடை பிசகினாலும் நுனி வயிற்றின் நடுவே நின்றுவிடும், அல்லது பெல்ட்டைத் தாண்டித் தொங்கும். அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. கை நடுக்கம் உள்ளவர், ஒரு கை செயல்படாதவர், காலை ஏழரை மணிக்குப் பள்ளி வேனுக்கு நிற்கும் குழந்தை ஆகியோருக்கு இது உண்மையான தொல்லை. நண்பரின் வடிவமைப்பு இதைத்தான் தீர்க்கப் பார்க்கிறது: முடிச்சை நிலையாக்கிவிட்டு, ஓட்டத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது.

முடிச்சுதானே டையின் அடையாளம், பெயர் அதிலிருந்து வரட்டுமே என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. முடிச்சின் உலகம் பெரியதுதான். கேம்பிரிட்ஜில் தாமஸ் ஃபிங்க், யோங் மாவ் என்ற இரு இயற்பியலாளர்கள் 1999இல் நேச்சர் இதழில், சாதாரண டையில் 85 வகை முடிச்சுகள் போட முடியும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். பின்னால் வந்த கணிதவியலாளர்கள் அவர்கள் வைத்த வரம்புகளைத் தளர்த்தி எண்ணிக்கையை லட்சங்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் நாம் பெயர் தேடும் பொருளில் முடிச்சு ஒன்றே ஒன்று, அதுவும் மாறாதது. மாறுவது கழுத்தைச் சுற்றும் வளையம். அணிபவர் கை வைப்பதும் அங்கேதான். எனவே பெயரும் அங்கிருந்து வருவதுதான் பொருத்தம்.

இனி ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள மாற்றுகளைப் பார்ப்போம். இவற்றுக்கும் சேர்த்தே பெயர் வைத்தால்தான் நம் சொல் எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்காது என்பது தெளிவாகும்.

நம் பள்ளிப் பிள்ளைகள் போடுவது எலாஸ்டிக் டை. முடிச்சு தைத்தே வந்துவிடும், காலருக்கு அடியில் எலாஸ்டிக் நாடாவும் கொக்கியும் இருக்கும். புதிதில் கழுத்தைப் பிடிக்கும், நாளாக ஆக இழுவிசை போய்த் தொங்கும். இது அளவைத் தானே சரிசெய்துகொள்வதுபோலத் தோன்றினாலும், எவ்வளவு இறுக வேண்டும் என்பதை அணிபவர் தீர்மானிக்க முடியாது. இதற்கு மீள்பட்டை போதும்.

காலரில் கவ்விக்கொள்ளும் கிளிப் டை அடுத்தது. கழுத்தைச் சுற்றி ஒன்றுமே கிடையாது. பிரிட்டனில் போலீஸார் இதை அணியக் காரணம் பாதுகாப்பு. எவராவது பிடித்து இழுத்தால் கழுத்து நெரிபடாமல் டை கையோடு போய்விடும். இதைக் கவ்வுபட்டை எனலாம்.

ஜிப் டை நண்பரின் வடிவமைப்புக்கு மிக நெருக்கமானது. முடிச்சு உள்ளே கூடான ஒரு பிளாஸ்டிக் அச்சின்மேல் நிற்கிறது. ஜிப்பைத் திறந்து மூடும் ஓடி அந்தக் கூட்டுக்குள் பதிந்திருக்கிறது. கழுத்து வளையத்தின் இரு பக்கத்திலும் பற்கள். பின்னால் தொங்கும் வாலை இழுத்தால் பற்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வளையம் சிறுக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பற்கள் சட்டைத் துணியைக் கவ்வும், ஒரு பல் போனால் டையே போயிற்று.

நான்காவது, அமெரிக்க மேற்குப் பகுதியின் போலோ டை. பின்னிய தோல் கயிறு, இரு நுனியிலும் உலோகக் குப்பி, நடுவில் மேலும் கீழும் ஓடும் ஓர் அணி. அரிசோனா மாநிலம் 1971இல் இதைத் தன் அதிகாரபூர்வக் கழுத்தணியாகவே அறிவித்தது. பல்லும் இல்லை, எலாஸ்டிக்கும் இல்லை. அணியின் பின்புறம் உள்ள கவ்வி கயிற்றை உராய்ந்து பிடிப்பதுதான் சூட்சுமம். கையால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். பட்டு டையின் தோற்றத்தை வைத்துக்கொண்டு உள்ளே போலோ டையின் உராய்வு முறையைக் கொண்டுவந்தால் ஜிப்பைவிட நெடுநாள் உழைக்கும் என்பது என் கருத்து. வடிவமைக்கும் நண்பர் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

எளிடை என்பதைப் படிக்கும்போது எளி + இடை என்றுதான் கண் பிரிக்கிறது. இடுப்பைப் பற்றிய சொல்லாகிவிடும். அது போக, எளிது என்பது பொருளின் இயல்பைச் சொல்லாமல் நம் பாராட்டைச் சொல்கிறது. ஆயத்தக் கழுத்துப்பட்டை தவறில்லை, ஆனால் மீள்பட்டை, கவ்வுபட்டை, ஜிப் டை மூன்றுமே ஆயத்தமானவைதான். அது வகைப் பெயராக இருக்கட்டும்.

கழுத்துச்சுருக்கை நான் அழுத்தமாகவே மறுக்கிறேன். சுருக்கு என்ற சொல் சுருக்குப்பையில் இனிமையாக ஒலிக்கிறது. கழுத்தோடு சேர்ந்தால் தூக்குக் கயிறுதான் நினைவுக்கு வரும். பள்ளிப் பிள்ளைகள் அணியப்போகும் ஒன்றுக்கு இந்தப் பெயரை நாம் கொடுக்கக் கூடாது.

கொளுவுபட்டி யாழ்ப்பாண நண்பர் தந்தது. கொளுவுதல் அங்கே இன்றும் நாவில் உள்ள சொல், கொக்கியில் மாட்டுவதைத் துல்லியமாகச் சொல்கிறது. கொக்கி போட்டு மாட்டும் வகைக்கு, குறிப்பாக வக்கீல்களின் வெள்ளை பேண்டு போல பின்கழுத்தில் மாட்டுபவற்றுக்கு, இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கவ்வுபட்டைக்கு இணைச்சொல்லாகவும் பதிவு செய்யலாம். ஆனால் ஓடி நிற்கும் வகைக்கு அது சேராது.

மீதி இருப்பது நழுவுபட்டை. பலரும் ஆதரித்த சொல் என்பதால் இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

நழுவு என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. பொருள் தானே நழுவுகிறது: கை நழுவியது, முந்தானை நழுவியது. யாரும் நழுவச் செய்யவில்லை, நடந்துவிட்டது. உருவு அப்படியல்ல. ஒருவர் கை வைத்து உருவ வேண்டும்: கயிற்றை உருவினான், உறையிலிருந்து வாளை உருவினான். இந்த வேறுபாடு இலக்கணத்தோடு நிற்கவில்லை, பொருளின் பொறியமைப்பே இதில்தான் இருக்கிறது. கழுத்து வளையம் கைக்கு மட்டும் அசைய வேண்டும், தானே அசையக் கூடாது. தானே தளர்ந்தால் டை தொங்கும். தானே இறுகினால் ஆபத்து. கன்றுக்குட்டியின் கழுத்தில் உருவாஞ்சுருக்குப் போட்டுக் கட்டக் கூடாது என்று பெரியவர்கள் தடுப்பது இதனால்தான். அது இழுக்க இழுக்க இறுகும், தானாக விடாது. டை கொஞ்சம் கூடுதலாக இறுகினாலே உடம்பு உணர்கிறது. இறுக்கமான டை கண்ணின் உள்ளழுத்தத்தை உயர்த்துகிறது என்று 2003இல் ஒரு பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் ஆய்வு வெளிவந்தது. ஆகவே வினையை அணிபவர் கையில் வைக்கும் சொல்தான் வேண்டும். நழுவுபட்டை என்றால் குறையுள்ள பொருளின் பெயர்போல இருக்கிறது.

உருவு என்றால் உருவிப் போடுவதும்தானே, வேட்டியை உருவுவதுபோல ஆகிவிடாதா என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டார். அந்தப் பொருளும் உண்டு. அது இங்கே கெடுதல் செய்யவில்லை என்பது என் எண்ணம். தலைவழியாக மாட்டி, உருவி இறுக்கி, மாலையில் உருவித் தளர்த்திக் கழற்றுகிறோம். மூன்று செயலுக்கும் ஒரே வினை பொருந்துகிறது.

எழுத்து முறை பற்றி ஒரு வார்த்தை. உருவுபட்டை, கவ்வுபட்டை, மீள்பட்டை மூன்றும் வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல இவற்றிலும் வல்லினம் மிகாது. உருவுப்பட்டை என்று எழுதினால் உருவு ஒரு பெயர்ச்சொல்லாகிவிடும். அகராதியில் ஏற்றுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பட்டியா, பட்டையா என்ற பழைய வழக்கும் நடுவில் வந்தது. இலங்கையில் கழுத்துப்பட்டி வேரூன்றியது, அதை மாற்றச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் பட்டி என்றதும் ஆட்டுப்பட்டி, மாட்டுப்பட்டி, ஊர்ப்பெயர் எல்லாம் முன்னால் வந்துவிடுகின்றன. கழுத்துப்பட்டைக்கும் குறை உண்டு. நாயின் கழுத்தில் போடுவதும் அதுதான், கழுத்து வலிக்கு டாக்டர் போடச் சொல்வதும் அதுதான். ஆனால் முன்னே ஒரு வினை வந்துவிட்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் போய்விடுகிறது. பொதுவான டையை டை என்றே விடலாம் என்பது என் நிலைப்பாடு. ஈழத்தில் ரை என்று எழுதுகிறார்கள், அதுவும் தமிழில் நிலைத்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்களே குரோவாசியப் படைவீரர்களின் பெயரைத்தான் கிராவாட் என்று இந்தத் துணிக்கு வைத்திருக்கிறார்கள். பொதுப்பெயர் எங்கிருந்தும் வரலாம். செய்முறைக் குறிப்பில் வரும் உட்பிரிவுக்குத்தான் செயலைக் காட்டும் பெயர் அவசியம்.

உறுப்புகளுக்குச் சொல் தேட அதிகம் அலைய வேண்டியதில்லை. முன்னால் தொங்கும் அகல முனைக்குப் புடவையிலிருந்து தலைப்பு. பின்னால் தொங்கும் குறுகிய முனைக்கு வால். நிலையான முடிச்சைத் தாங்கும் உள் அச்சுக்கு முடிச்சுக்கூடு. கழுத்தைச் சுற்றுவது வளையப்பட்டை. உராய்ந்து பிடிக்கும் உறுப்புக்கு ஓடுவளையம். ஓடுபாதை, ஓடுதளம் என்று ஏற்கெனவே பழகிய வடிவம்தான்.

தையல் குறிப்பில் ஓர் இடத்தை மட்டும் விரித்து எழுதும்படி வடிவமைப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன். நியூயார்க்கைச் சேர்ந்த ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் 1920களில் டைத் துணியைப் பாவுக்கும் ஊடைக்கும் 45 பாகைச் சாய்வில் வெட்டி, மூன்று துண்டாக இணைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய டை முறுக்கிக்கொள்ளாமல் நேராகத் தொங்குவதும், முடிச்சை அவிழ்த்தபின் பழைய நிலைக்கு மீள்வதும் அந்தச் சாய்வால்தான். நம் தையற்காரர்கள் இதைக் கிராஸ் என்றே சொல்கிறார்கள். குறிப்பிலும் 'கிராஸில் வெட்டவும்' என்றே இருக்கட்டும், எவருக்கும் சந்தேகம் வராது. ஆனால் உருவுபட்டையில் தலைப்பு மட்டும் கிராஸில் வர வேண்டும். வளையப்பட்டையை நேர்நூலில், அதாவது சாய்க்காமல் நூலின் போக்கிலேயே, வெட்ட வேண்டும். அதையும் கிராஸில் வெட்டினால் இழுக்கும்போதெல்லாம் துணி நீளும், ஓடுவளையம் பிடித்த இடத்தில் நிற்காது.

இணைய அகராதியான விக்சனரிக்கான வரைவு இது:

உருவுபட்டை (பெ.): நிலையான முடிச்சும், கையால் உருவி அளவு கூட்டிக் குறைக்கும் கழுத்து வளையமும் கொண்ட டை. கையை எடுத்தால் அளவு அப்படியே நிற்கும்.

கவ்வுபட்டை (பெ.): கழுத்தைச் சுற்றாமல் சட்டைக் காலரில் கவ்வியால் பற்றும் டை. இணைச்சொல்: கொளுவுபட்டி (இலங்கை).

மீள்பட்டை (பெ.): எலாஸ்டிக் நாடாவால் கழுத்தில் நிற்கும், முடிச்சு தைத்த டை.

ஜிப் டையை உருவுபட்டையின் ஒரு வகையாகவே கொள்ளலாம், தனிச்சொல் வேண்டாம். இந்த ஒன்றில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று பதிவேற்றிவிட்டு, செய்முறைக் குறிப்பின் சொற்பட்டியலை இதே இழையில் அனுப்புகிறேன்.

அன்புடன்