காலை வாரியது யார்?

அண்ணன்: இன்று அலுவலகக் காணொளிக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன், யாரும் சிரிக்கக் கூடாது. என் அறிக்கையை மேலிடம் நிராகரித்துவிட்டதாக மேலாளர் சொன்னார். நான் பதறிப்போனதைப் பார்த்ததும் 'ஐயம் ஜஸ்ட் புல்லிங் யுவர் லெக்' என்றார். காலை வாருவதை இவ்வளவு வெளிப்படையாகவா ஒருவர் ஒப்புக்கொள்வார் என்று திகைத்து, 'உங்களுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்?' என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன்.

அக்கா: சிரிக்காமல் இருக்க முயன்று தோற்றுவிட்டேன், மன்னித்துவிடு.

சித்தி: தமிழில் காலை வாருவது என்றால் நம்பியவரைக் கவிழ்ப்பது, ஆங்கிலத்தில் காலை இழுப்பது என்றால் இல்லாததைச் சொல்லி விளையாட்டாகச் சீண்டுவது. முதலைக் கண்ணீர் இரு மொழிகளிலும் ஒரே கண்ணீராக இருப்பதாலும், நாம் ஒரே கல்லில் அடிக்கும் இரண்டு மாங்காய்கள் அங்கே இரண்டு பறவைகளாகிவிடுவதோடு சரி என்பதாலும், எல்லா மரபுத்தொடர்களும் இப்படியே பொருந்தும் என்று நம்பி ஏமாறுகிறோம்.

நான்: என் கதை இதைவிட மோசம், சித்தி. உடன் பணிபுரிபவரின் தந்தை இறந்தபோது, இறப்பைக் குறிக்கும் தொடர் என்று படித்திருந்த 'கிக் த பக்கெட்' என்பதை இரங்கல் மடலிலேயே எழுதி அனுப்பினேன்.

சித்தி: ஐயோ! துக்க வீட்டில் போய் 'உங்கள் அப்பா மண்டையைப் போட்டுவிட்டாராமே' என்று கேட்பதற்கு அது சமம். பொருள் சரிதான், ஆனால் மரியாதை போய்விடுகிறது. 'பாஸ்ட் அவே' என்று எழுதியிருந்தால் போதும்.

அக்கா: நாளொன்றுக்கு 10 தொடர்கள் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யலாம் என்று நினைத்திருந்தேன்.

சித்தி: அந்தப் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஏனென்றால் தொடரை யார் யாரிடம் எந்தச் சமயத்தில் சொல்வார்கள் என்பதை அவை சொல்வதில்லை. எளிதான வேலையைப் 'பீஸ் ஆஃப் கேக்' என்பார்கள். அதையே நீ 'ஸ்லைஸ் ஆஃப் கேக்' என்று மாற்றினால், கேட்பவர் தட்டை எதிர்பார்ப்பார். 'நாட் மை கப் ஆஃப் டீ' என்பது பெரும்பாலும், பிடிக்கவில்லை என்று நயமாகச் சொல்லத்தான் பயன்படுகிறது. ஒரு தொடரை வெவ்வேறு ஆட்கள் இரண்டு மூன்று முறை சொல்லக் கேட்டபின், அந்த வாக்கியத்தை முழுதாக எழுதிவைத்துக்கொண்டு பேசிப் பார். அதுவரை புரிந்துகொண்டாலே போதும்.

அண்ணன்: அதெல்லாம் இருக்கட்டும், நாளை மேலாளர் முகத்தில் எப்படி விழிப்பது?

சித்தி: சிரித்துக்கொண்டே 'யூ ரியலி ஹேட் மீ கோயிங்' என்று சொல். என்னை நன்றாக நம்பவைத்துவிட்டீர்கள் என்று பொருள்.

அண்ணன்: சரி சித்தி. ஆனால் இதில் நான் எங்கே போகிறேன்?