சி-பேப் மெஷின் இருக்கு, கால் குடைச்சல் தூங்க விடலை: தூக்க மாத்திரை போடலாமா?

மஞ்சள் ஊர்க்காரன்:
வயது 54. தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 34 முறை மூச்சு தடைபடுகிறது என்று வந்ததால், தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சி-பேப் மெஷின் வாங்கிவிட்டேன். மூச்சு இப்போது பரவாயில்லை, காலையில் மெஷின் காட்டும் எண்ணிக்கை ஐந்துக்குக் கீழேதான். பிரச்சினை கால். படுத்து விளக்கை அணைத்ததும் கெண்டைக்காலுக்குள் புழு நெளிகிற மாதிரி ஒரு குடைச்சல், ஆட்டினாலோ எழுந்து நடந்தாலோ போகும், படுத்தால் திரும்ப வரும். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஹாலில் நடந்து, மறுபடி மாட்ட மனசில்லாமல் சோபாவிலேயே விழுந்துவிடுகிறேன், அன்றைக்கு மெஷின் வாங்கியதே வீண். தெரிந்த மெடிக்கலில் குளோனாசெபாம் போட்டால் அடித்துப்போட்டாற்போல் தூங்கலாம் என்கிறார்கள். போடலாமா? மூக்கடைப்புக்கு ராத்திரி ஒரு சளி மாத்திரை தவிர வேறு மருந்து எதுவும் கிடையாது.

மாத்திரை அட்டை:
சார், மருந்துக்கடையில் வேலை செய்கிறவள் சொல்கிறேன், அது சீட்டு இல்லாமல் தரவே கூடாத மருந்து. அந்த வகை மாத்திரைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், மூச்சு அடைக்கும்போது மூளை உடனே விழித்துக்கொள்வதையும் தாமதப்படுத்தும். அதுவும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு சோபாவில் படுக்கிறவருக்கு! நீங்கள் சொல்கிற கால் குடைச்சல் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் என்ற நோய் மாதிரி தெரிகிறது, அதையும் அந்த மாத்திரை தீர்ப்பதில்லை, தெரியாமல் தூங்க வைக்கும், அவ்வளவுதான்.

அதைவிட எனக்கு உங்கள் சளி மாத்திரை மேல்தான் சந்தேகம். அட்டையைத் திருப்பிப் பாருங்கள், குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் என்று ஏதாவது போட்டிருக்கிறதா? தூக்கம் வரவைக்கும் பழைய அலர்ஜி மாத்திரைகள் எல்லாமே இந்தக் கால் தொல்லையைக் கிளப்பிவிடும். மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின், மிர்டாசபின், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு எல்லாம் அதே கதைதான்.

தாமிரபரணி அக்கா:
தம்பி, ஃபெரிட்டின், அதாவது உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பின் அளவு, பார்த்தீர்களா? எனக்கு ஹீமோகுளோபின் நன்றாகவே இருந்தது, அதனால் இரும்புச்சத்துக் குறைவு என்று யாருக்கும் தோன்றவில்லை, ஆனால் சேமிப்பு காலி. லேப் ரிப்போர்ட்டில் 30 இருந்தாலே நார்மல் என்று அச்சடித்து வந்துவிடும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள், இந்த நோய்க்கு 75 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுக்கலாம் என்பது தூக்க மருத்துவர்களின் கணக்கு. ரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் டெஸ்டும் சேர்த்துப் பாருங்கள், காய்ச்சல் சளி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். தானாக மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். ஆண்களுக்கு, அதுவும் ஐம்பது தாண்டியவர்களுக்கு, இரும்பு குறைந்தால் வயிற்றில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். மாத்திரை கொடுத்தால் காபி, டீயோடு சேர்த்துப் போடாதீர்கள்.

நடுராத்திரி நடையாளன்:
அண்ணே, இந்தக் கால் குடைச்சலுக்கு டோபமைன் வகை மாத்திரையான பிரமிபெக்சோல் எழுதித் தந்தால் ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள். அது மூச்சை ஒன்றும் செய்யாது, ஆரம்பத்தில் அருமையாகக் கேட்கும். எனக்கும் கேட்டது. அப்புறம் ராத்திரி வந்துகொண்டிருந்த குடைச்சல் சாயங்காலமே வர ஆரம்பித்து, மத்தியானத்துக்கு வந்து, கைக்கும் ஏறியது, டோஸைக் கூட்டினால் இன்னும் மோசம். இதற்கு ஆக்மென்டேஷன் என்று பெயர். சிலருக்கு சூதாட்டம், கண்மண் தெரியாத செலவு என்று புத்தியும் மாறும். 2025 ஜனவரியில் வந்த அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி வழிகாட்டுதலில் இந்த வகை மருந்தை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள், நரம்பு வலிக்கும் தரப்படும் கபாபென்டின், பிரிகாபலினைத்தான் முன்னால் வைக்கிறார்கள். ஏற்கனவே சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

கபாபென்டினும் சும்மா இல்லை. மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து என்று 2019-லேயே அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது, எடையும் ஏறலாம், எடை ஏறினால் குறட்டையும் ஏறும். மாஸ்க் மாட்டினால்தான் மாத்திரை என்று வீட்டில் கறாராக வைத்திருக்கிறேன், குடிக்கும் பழக்கம் இருந்தால், மாத்திரை போடுகிற அன்றைக்குக் குடியும் கூடாது.

மஞ்சள் ஊர்க்காரன்:
அட்டையில் குளோர்பெனிரமின்தான்! சளி மாத்திரை என்பதால் டாக்டரிடம் சொல்லவே தோன்றவில்லை. ஃபெரிட்டினுக்குக் காலையில் ரத்தம் கொடுக்கிறேன். மூக்கடைப்புக்கு என்ன வழி?

மாத்திரை அட்டை:
மெஷினில் காற்றை ஈரமாக்கும் ஹியுமிடிஃபயர் இருக்கும் சார், தண்ணீர் ஊற்றி ஓட்டுங்கள், அடைப்பு அதிலேயே ஓரளவு குறையலாம். உப்புநீர் ஸ்ப்ரே போடலாம், அதற்கும் அடங்காவிட்டால் ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அடைப்பை உடனே திறக்கும் மூக்கு சொட்டு மருந்தைத் தினமும் போட்டுப் பழகாதீர்கள், நிறுத்தினால் முன்னைவிட மோசமாக அடைக்கும்.

நடுராத்திரி நடையாளன்:
இன்னொன்று அண்ணே, நடக்க எழுந்தால் மாஸ்க்கைக் கழற்றாதீர்கள், பெரும்பாலான மாஸ்க்குகளில் குழாயை மட்டும் தனியாகக் கழற்றலாம். மாஸ்க் முகத்திலேயே இருக்க நடந்துவிட்டு வந்து குழாயைச் சொருகினால் போதும். வீட்டில் பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.