பிசிஷியன் அசிஸ்டெண்ட் (பிஏ) ஸ்கூலுக்கு பேஷண்ட் கேர் ஹவர்ஸ்: சென்னையில இருந்தே சேக்க முடியுமா?

கீழ்ப்பாக்கம்_காவ்யா:
எல்லாருக்கும் வணக்கம். நான் பிஎஸ்சி பயோகெமிஸ்ட்ரி பைனல் இயர். பொறந்தது நியூ ஜெர்சி, அப்பா ப்ராஜெக்ட் முடிஞ்சு சின்ன வயசுலயே இங்க வந்துட்டோம், பாஸ்போர்ட் மட்டும்தான் அங்கத்தது மத்தபடி நான் முழு கீழ்ப்பாக்கம். அமெரிக்கா போய் பிசிஷியன் அசிஸ்டெண்ட் மாஸ்டர்ஸ் பண்ணணும்னு ஆசை, அதாவது டாக்டரோட சேந்து நோயாளிய பாத்து வைத்தியம் பண்ற வேல, ஆனா எந்த காலேஜ் பேஜ தொறந்தாலும் சேர்றதுக்கு முன்னாடியே பேஷண்ட் கேர் ஆயிரம் மணி நேரம், ரெண்டாயிரம் மணி நேரம்னு போட்டிருக்கான், தல சுத்துது. இப்போ என் கையில மூணு வழி இருக்கு. பெரியப்பா பையன் ஓஎம்ஆர்ல மெடிக்கல் ஸ்க்ரைப், அமெரிக்க டாக்டர் நோயாளிகிட்ட பேசுறத கேட்டு நோட்ஸ் டைப் பண்ற வேல, நைட் ஷிப்ட், என்னையும் ரெஃபர் பண்றேங்கிறான். அப்பாக்கு தெரிஞ்ச டாக்டர் க்ளினிக் வச்சிருக்கார், வாம்மா, ஊசி போடுறதெல்லாம் நம்ம சிஸ்டர் ஒரே வாரத்துல சொல்லிக்குடுத்துருவாங்கன்னார். மூணாவது ஒரு ஆஸ்பத்திரியில பேஷண்ட் கேர் அட்டெண்டர், இத வீட்ல சொன்னதும் அம்மா "ஆயா வேல பாக்கவா உன்ன இவ்ளோ படிக்க வெச்சோம்"னு ஆரம்பிச்சு இன்னும் நிறுத்தல. எது கணக்குல வரும்? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மைலாப்பூர்_டு_டெக்சாஸ்:
நான் இங்க பிஏ ரெண்டாவது வருஷம், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். அப்ளிகேஷன் போடுற காஸ்பா போர்ட்டல்லயே ரெண்டு பெட்டி தனித்தனியா இருக்கும், ஒண்ணு பேஷண்ட் கேர், இன்னொண்ணு ஹெல்த்கேர். நோயாளியோட கவனிப்புல உனக்கு நேரடியா பொறுப்பு இருந்தா முதல் பெட்டி. ஆஸ்பத்திரியில இருந்த ஆனா பொறுப்பு இல்ல, ரிசப்ஷன்ல உக்காந்த, ஃபைல் எடுத்துக்குடுத்தன்னா ரெண்டாவது. ஒரு பிஏ பின்னாடியே நின்னு பாக்குற ஷேடோயிங் இந்த ரெண்டுலயும் சேராது, அது தனி.

ஏன் இவ்ளோ கறாரா கேக்குறாங்கன்னா இந்தப் படிப்பு பொறந்த விதமே அப்படி. 1965ல ட்யூக் யுனிவர்சிட்டியில ஆரம்பிச்சப்ப உள்ள எடுத்தது நேவில மெடிக்கல் வேல பாத்துட்டு வந்தவங்களத்தான். ஏற்கனவே நோயாளிய தொட்டுப் பழகுன ஆளுக்கு மிச்சத்த வேகமா சொல்லிக்குடுத்து அனுப்புற ஏற்பாடு. இன்னைக்கும் பெரும்பாலான ப்ரோகிராம் 27 மாசம் மாதிரிதான் ஓடுது, அதுக்குள்ள பிபி கஃப் எப்படி சுத்துறதுன்னு யாரும் உனக்கு நின்னு காட்டிட்டிருக்க மாட்டாங்க.

க்ளினிக் விஷயத்துக்கு வரேன். ஊசிய கையால தொடாத. ட்ரெய்னிங்கும் ரெஜிஸ்ட்ரேஷனும் இல்லாத ஆள் ஊசி போடுறது நம்மூர்ல சகஜமா இருக்கலாம், அதுக்காக சரின்னு ஆயிடாது, அந்த நோயாளி ஒண்ணும் உன் அப்ளிகேஷனுக்காக கைய நீட்டல. இன்னொண்ணு, எங்கயோ தகுதிக்கு மீறி ஊசி போட்டேன் தையல் போட்டேன்னு அப்ளிகேஷன் எஸ்ஸேல எழுதுனா இங்க அட்மிஷன் கமிட்டி பாராட்டாது, புருவத்த தூக்கும்.

அப்புறம் சென்னை ஹவர்ஸ எடுத்துப்பாங்களாங்கிறது காலேஜுக்கு காலேஜ் மாறும், ஈமெயில் போட்டு கேட்டு பதில பத்திரமா வச்சுக்கோ. நம்மூர் மூணு வருஷ டிகிரிய ஏத்துப்பாங்களாங்கிறதையும் அதே மெயில்ல கேட்டுரு, அனாடமி பிசியாலஜி லேபோட அமெரிக்க காலேஜ்லயே படிச்சிருக்கணும்னு சொல்ற இடமும் இருக்கு. உனக்கு சிட்டிசன்ஷிப் இருக்கறதால இங்க வந்து சிஎன்ஏ, அதாவது சர்டிஃபைட் நர்சிங் அசிஸ்டெண்ட் பண்ணலாம், சட்டப்படி குறைஞ்சது 75 மணி நேரம் ட்ரெய்னிங், அப்புறம் ஸ்டேட் எக்ஸாம், உடனே வேல. விசால வர்றவங்களுக்கு அந்த வழி அவ்ளோ லேசு கிடையாது, சில ப்ரோகிராம் இன்டர்நேஷனல் ஸ்டூடண்ட்ட எடுக்கறதே இல்ல.

நைட்ஷிப்ட்_நந்தா:
நான் ஸ்க்ரைப்தான், பெருங்குடி. சம்பளம் ஓகே, கேப் வரும், டாக்டர் எப்படி யோசிக்கிறார்னு காதால கேட்டே பாதி மெடிசின் புரிஞ்சிரும், நோட்ஸ் எழுதுற கை வரும். ஆனா சத்தியமா சொல்றேன் நான் இதுவரைக்கும் ஒரு நோயாளி மூஞ்சியக்கூட பாத்ததில்ல, அவங்க அங்க இருமுறாங்க நான் இங்க டைப் பண்றேன். காஸ்பா ஸ்க்ரைப்ப ஹெல்த்கேர் பக்கம்தான் வைக்குது, சில காலேஜ் பேஷண்ட் கேரா ஏத்துக்கும், ஆனா அது அங்க ரூம்லயே நிக்கிற ஸ்க்ரைப்புக்கு, நம்மள மாதிரி ஹெட்செட் கேஸுக்கு நம்பி இறங்காத. மெடிக்கல் கோடிங் பத்தி யாராவது சொன்னாலும் இதே பதில்தான்.

வார்டு_சிஸ்டர்:
காவ்யா கண்ணு, அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லு. அந்த ஊர்ல சிஎன்ஏன்னு இங்கிலீஷ்ல சொல்றதும் இங்க ஆயான்னு மூக்க சுளிக்கறதும் கிட்டத்தட்ட ஒரே வேலதான்.

நான் ரொம்ப வருஷமா நியூரோ வார்டு. ஸ்ட்ரோக் வந்து படுத்துட்ட பெரியவர ரெண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் போடணும். சும்மா உருட்டி விடறதில்ல. முதுகுக்கு முட்டுக்குடுத்து ஒரு தலகாணி, ரெண்டு முழங்காலுக்கு நடுவுல ஒண்ணு, குதிகால் மெத்தையில படாம, அடியில துணி சுருக்கமில்லாம. யூரின் பேக்க இடுப்புக்கு மேல தூக்கவே கூடாது, திரும்பி உள்ள போயிரும். திருப்பும்போதே வால் எலும்பு மேல பாக்கணும், செவந்திருந்தா விரல வச்சு அமுக்கி எடு, வெளுத்துட்டு மறுபடி செவந்தா பரவால்ல, அமுக்கியும் வெளுக்கலன்னா அங்க படுக்கைப்புண் ஆரம்பிச்சாச்சு, அப்பவே சொல்லணும். கருப்பு நெறம்னா இந்த செவப்பு கண்ணுக்கே தெரியாது, சூடா இருக்கா கெட்டியா இருக்கான்னு தொட்டுத்தான் பாக்கணும். எங்க வார்டுல இத முதல்ல கண்டுபிடிச்சு சொல்றது டியூட்டி டாக்டரா? இல்ல, நானும் இல்ல. அட்டெண்டர் பொண்ணுதான். உன் பிஏ ஸ்கூல்காரன் கேக்குற பொறுப்பு இதுதான்னு நெனைக்கிறேன்.

சும்மா போய் நிக்காம ஜெனரல் டியூட்டி அசிஸ்டெண்ட் (ஜிடிஏ) கோர்ஸ் முடிச்சிட்டு போ, சர்டிபிகேட் இருந்தா வேலையும் உருப்படியா குடுப்பாங்க. சேரும்போதே கேளு, நான் என்னென்ன செய்யலாம், யார் என்ன பாத்துப்பாங்கன்னு. சில இடத்துல அட்டெண்டர்னு எடுத்துட்டு நாள் பூரா பில் கவுண்டருக்கும் லேபுக்கும் ஓட விடுவாங்க, அதுல நீ நோயாளிய தொடவே மாட்ட. வேலைக்கு சேர முடியலன்னா மாதவரம் பக்கம் ஜீவோதயா இருக்கு, கடைசி கட்ட கேன்சர்காரங்கள காசு வாங்காம பாத்துக்கற இடம். தன்னார்வலரா வரலாமான்னு நேர்ல போய் கேளு.

சைரன்_சரவணன்:
யாரும் 108 ஆம்புலன்ஸ் பத்தி சொல்லலையேப்பா. தங்கச்சி, 2008லருந்து தமிழ்நாட்டுல ஓடுது, அதுல மருத்துவ உதவியாளருக்கு லைஃப் சயின்ஸ் டிகிரி போதும், பயோகெமிஸ்ட்ரியும் சேத்திதான். எழுத்துத் தேர்வு, அனாடமி கேள்வி, இன்டர்வியூ, பாஸ் பண்ணா அவங்களே ட்ரெய்னிங். 12 மணி நேர ஷிப்ட், அதனால மணிக்கணக்கு கடகடன்னு ஏறும். வண்டிக்குள்ள நீ ஒருத்திதான், முன்னாடி வண்டி ஓட்டுற பைலட், பின்னாடி நீயும் நோயாளியும். ஸ்பீட் ப்ரேக்கர்ல வண்டி குதிக்கும்போது மூச்சு குடுக்குற ஆம்பு பேக்க ஒரு கையால அமுக்கிட்டு இன்னொரு கையால மாஸ்க்க மூஞ்சியோட சேத்துப் புடிச்சிருக்கணும். பிரசவமும் வண்டியிலயே ஆகும், பயந்தா ஆகாது. போஸ்டிங் எந்த மாவட்டம்னு நம்ம கையில இல்ல, சம்பளத்த பத்தி என்ன கேக்காத. எனக்கு கேட்டா ஒரு வருஷம் இதுல இருந்தா அங்க இன்டர்வியூல பேசறதுக்கு கதைக்கு பஞ்சமே இருக்காது.

வார்டு_சிஸ்டர்:
சரவணா அவ இன்னும் காலேஜே முடிக்கல, எடுத்ததும் நைட்ல நெடுஞ்சாலை ஆக்சிடெண்ட்டுக்கு அனுப்பற.

சைரன்_சரவணன்:
முடிச்சிட்டுதான் வரட்டும் சிஸ்டர், டிகிரி இல்லாம அவள எடுக்கவே மாட்டாங்க 😄

மொகப்பேர்_பிஏ:
சைடுல ஒரு விஷயம். இந்தியால பிஏ படிப்பு தொடங்குனதே நம்ம சென்னையிலதான், 1992ல மெட்ராஸ் மெடிக்கல் மிஷன்ல டாக்டர் கே.எம். செரியன் ஆரம்பிச்சு வச்சது. நான் இங்கயே படிச்சு கார்டியாக்ல வேல பாக்குறேன். சிலர் இத முடிச்சிட்டு நேரா அமெரிக்கா பரீட்சை எழுதலாம்னு நெனச்சிட்டு சேர்றாங்க, முடியாது, அங்க பிஏ லைசென்ஸுக்கு எழுதுற பான்ஸ் பரீட்சைக்கு அங்க அங்கீகாரம் உள்ள ப்ரோகிராம்லயே படிச்சிருக்கணும். அதனால காவ்யா, உன் ரூட்டு சரி. எங்க போனாலும் முதல் நாள்லருந்து தேதி, மணி, செஞ்ச வேல, மேல இருந்தவங்க பேர், ஃபோன் நம்பர் எல்லாம் ஒரு நோட்ல எழுதி வை, அப்ளிகேஷன்ல அதத்தான் கேப்பான். ரெண்டு வருஷம் கழிச்சு லெட்டர் கேட்டு போனா சிஸ்டர் வேற ஆஸ்பத்திரி மாறிருப்பாங்க.

கீழ்ப்பாக்கம்_காவ்யா:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். க்ளினிக் அங்கிள்கிட்ட ஊசி வேணாம், பிபி பாக்க மட்டும் வரேன்னு சொல்லிட்டேன், கொஞ்சம் மொறச்சார். ஜீவோதயாக்கு இந்த வாரம் போய் கேக்கப்போறேன், எக்ஸாம் முடிஞ்சதும் ஜிடிஏ கோர்ஸ். சிஸ்டர் எழுதுனத அப்படியே அம்மாக்கு படிச்சுக் காட்டினேன், எங்க பாட்டி படுக்கையில கிடந்தப்ப அவங்கதான் பாத்துக்கிட்டாங்க, ஒண்ணுமே சொல்லாம எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க. சம்மதமா கோவமான்னு தெரியல. போறதுக்கு முன்னாடி வேற எதாவது ரெடி பண்ணணுமா?

வார்டு_சிஸ்டர்:
ஹெபடைடிஸ் பி ஊசி போட்டிருக்கியான்னு பாரு. சின்னதுல போட்ட ரெக்கார்ட் இல்லன்னா இப்பவே ஆரம்பி, முதல் டோஸ், ஒரு மாசத்துல ரெண்டாவது, ஆறாவது மாசம் மூணாவது, முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல டைட்டர் டெஸ்ட், ஊசி வேல செஞ்சிருக்கான்னு ரத்தத்துல பாக்கறது. நகத்த ஒட்ட வெட்டு, மோதிரம் வளையல் வீட்ல வச்சிட்டுப் போ.