எஸ்எல்எஸ் 1326 கட்டாயமா?

ஹட்டன் தம்பி: அரச அலுவலகமொன்றுக்கு மென்பொருள் செய்கிறோம். தமிழ், யுனிகோடை அடியொற்றிய இலங்கைத் தரமான எஸ்எல்எஸ் 1326-க்கு அமைய வேண்டும் என்கிறது டெண்டர். பழைய தோட்டப் பதிவுகள் முழுக்கப் பாமினி என்ற பழைய எழுத்துருவில். அப்படியே ஏற்றலாமா?

பண்டாரவளை அக்கா: வேண்டாம் தம்பி. பாமினி திரையில்தான் தமிழ்; உள்ளே சேமிப்பது வெறும் ஆங்கில எழுத்து. யுனிகோடில் பெயரைத் தட்டித் தேடினால் அகப்படாது. பிறப்புப் பதிவு கிடைக்காமல் லயத்துக்கும் கந்தோருக்கும் அலைவது நம் சனம்தான். இந்த விதி நமக்கு அரண், விட்டுக்கொடுக்காதே.

பதுளை வாசகன்: மாற்றித்தர கருவிகள் உண்டு. ஆனால் அடையாள அட்டை இலக்கங்களைத் தனியே பிரித்தெடுங்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கத்துக்குப் பின்வரும் ஆங்கில 'வீ', கருவிக்குள் போனால் 'ஏ' ஆகிவிடும்.

ஹட்டன் தம்பி: சரி அக்கா, மாற்றியே ஏற்றுகிறோம். அப்புறம், இலக்கங்களுக்கு அட்டவணையில் தனி நிரல் வைக்கிறேன் அண்ணே.