குசாமா பாணி வலை ஓவியம்: பிரிண்ட் துணி மாதிரி ஏன் வருகிறது?

கோடும்புள்ளியும்:
ஜப்பானிய ஓவியர் யாயோய் குசாமாவின் ‘இன்ஃபினிட்டி நெட்ஸ்’ (முடிவில்லா வலைகள்) பாணியில் ஒரு பயிற்சி. 3 அடிக்கு 3 அடி கேன்வாஸ், கறுப்பு அக்ரிலிக் அடித்தளம், பென்சிலில் 2 செ.மீ. கட்டம், கட்டத்துக்கு ஒரு வெள்ளை வளையம். ஒழுங்காக வந்திருக்கிறது, ஆனால் பார்க்க ஜவுளிக்கடைத் துணி. அவர் படத்தில் இருக்கும் மூச்சுமுட்டல் இல்லை. எங்கே தப்பு?

ஈரவண்ணம்:
கட்டத்தில்தான். அது போட்டதுமே படம் முடிந்துவிட்டது, கைக்கு நிரப்பும் வேலைதான் மிச்சம். 1959-ல் அவர் வரைந்த ‘நம்பர் எஃப்’ படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளிகள் தீட்டியவை அல்ல. வெள்ளை வளைந்து சுற்றியபின் மிஞ்சிய அடித்தளம்.

4-ம் எண் உருண்டை பிரஷ், தயிர்ப் பதத்தில் பெயிண்ட். ஒரு தடவை தொட்டு 6 முதல் 8 வளைவு போடுங்கள். தீரத் தீரக் கோடு மெலியும்; நடுவில் தொட்டுச் சரிசெய்ய வேண்டாம். தடித்து மெலியும் அந்த அலைதான் தள்ளி நின்றால் படத்தை அசைய வைக்கும். ஒரு மூலையில் தொடங்கி, முந்தைய வளைவை ஒட்டியே அடுத்தது. கை அலுக்கும்போது வளைவு பெரிதாகும், சாயும். அதை மறைக்காதீர்கள், எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தீர்கள் என்பது அங்கேதான் தெரியும். ரிடார்டர் (பெயிண்ட் காய்வதைத் தாமதமாக்கும் திரவம்) கலந்தால் டப்பாவில் அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம், தாண்டினால் பிசுபிசுப்பு போகவே போகாது.

சாம்பல்நிறம்:
ஒன்று விட்டுப்போச்சு. அந்த வெள்ளை வலைகள் பலவற்றில் மெல்லிய வெள்ளைப் பூச்சும் உண்டு. ஒரு நாள் காயவிட்டு, 1 பங்கு வெள்ளைக்கு 8 பங்கு கிளேசிங் மீடியம் (பெயிண்ட்டை ஒளி ஊடுருவும்படி மெலிதாக்கும் கலவை) கலந்து அகலப் பிரஷ்ஷால் ஒரே கை ஓட்டுங்கள். வெறும் தண்ணீரில் நீர்த்தால் திட்டுத்திட்டாகும். கறுப்புத் துளைகள் சாம்பலாகி, வலை எது, துளை எது என்று கண் தடுமாறும்.

நூலிழை:
கட்டத்தையே குற்றம் சொல்வதை நான் ஏற்கவில்லை. அமெரிக்க ஓவியர் அக்னஸ் மார்ட்டின் 1960-களில் 6 அடிச் சதுரக் கேன்வாஸில் ஸ்கேல் வைத்தே பென்சில் கட்டம் போட்டார். கிட்டே போனால் பென்சில் முனை துணி இழையில் ஏறி இறங்கி, கோடு விட்டுவிட்டுத் தெரியும். கை மறையவில்லை.

ஓவியரின் மனநோயை வைத்துப் படத்தை வாசிப்பதிலும் கவனம் வேண்டும். மேசைவிரிப்பின் சிவப்புப் பூக்கள் கூரை, சன்னல், தன் உடம்பு எங்கும் பரவியதைச் சிறுவயதில் கண்டதாகக் குசாமாவே சொல்லியிருக்கிறார். மார்ட்டினுக்கு ஸ்கிசோஃப்ரீனியா என்ற மனநோய் இருந்தது. ஆனால் அவர் தன் படங்களைப் பற்றிப் பேசியது மகிழ்ச்சி, கள்ளமின்மை என்றுதான். திரும்பத் திரும்பப் போடுவது ஒருவரை விழுங்குகிறது, இன்னொருவரை அமைதிப்படுத்துகிறது.

கோடும்புள்ளியும்:
புரிகிறது. இதே கேன்வாஸில் மறுபடி தொடங்கலாமா?

ஈரவண்ணம்:
தாராளமாக. 220 எண் உப்புத்தாளால் மேடுகளை லேசாகத் தேய்த்து, தூசி துடைத்து, கறுப்பு இரண்டு கை கொடுங்கள். மேடு மிச்சமிருந்தால் பழைய வளையங்கள் பக்கவாட்டு வெளிச்சத்தில் எட்டிப் பார்க்கும்.